"கேலிபரேஷன் பண்ணியாச்சு" என்று 20 டிகிரி குறைத்துத் தந்தால் உஷார்

சூடாகிறது என்று சர்வீஸுக்குப் போன லேப்டாப், போகும்போது லோடில் (முழு வேலை ஓடும்போது) 95 டிகிரி காட்டியது. திரும்பி வந்தபோது 75. பில்லில் "பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றம், சென்சார் கேலிபரேஷன் (அளவுத் திருத்தம்)" என்று இருக்கும். வீடியோ ரெண்டர் போட்டால் பத்தே நிமிடத்தில் பழையபடி இழுக்கும். அடிமூடியின் ஸ்க்ரூவைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். குறைந்தது எண் மட்டும்தான்.

இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் சென்சார் டிகிரியை நேரடியாகச் சொல்வதில்லை. டிஜேமேக்ஸ் என்ற உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று மட்டும் சொல்லும். வரம்பு 100, பாக்கி 5 என்றால் மென்பொருள் கழித்துப் பார்த்து 95 காட்டுகிறது. ரியல் டெம்ப் என்ற சூடு காட்டும் மென்பொருளின் செட்டிங்ஸில் அந்த 100-ஐ 80 ஆக்கினால் அதே சூட்டுக்கு 75 வரும். அதே வகை மென்பொருளான கோர் டெம்பில் ஆஃப்செட் (காட்டும் எண்ணோடு கூட்டும் திருத்தம்) -20 போட்டாலும் அதேதான். அரை நிமிட வேலை, அதற்குத் தனி பில்!

இன்டெலின் பழைய கோர் 2 பிராசசர்கள் காலத்தில் இந்த வரம்பை இன்டெல் வெளியே சொல்லாததால் மென்பொருள்கள் ஊகித்துப் போட்டன. அப்போது திருத்த நியாயம் இருந்தது. 2008-ல் வந்த முதல் கோர் ஐ7 முதல் வரம்பு சிப்பிலேயே பதிவாகியிருக்கிறது, மென்பொருள் படித்துக்கொள்ளும். கேலிபரேஷன் என்று இன்று ஏதாவது இருந்தால் அது லோடு இல்லாத நேரத்துக்குத்தான். அறை 30 டிகிரியில் இருக்க, விசிறிக் காற்றால் மட்டும் குளிரும் பிராசசரில் ஒரு கோர் (பிராசசரின் ஒரு பிரிவு) 24 காட்டினால் அது சென்சார் பிழை. சில டிகிரி திருத்தலாம். சென்சார் துல்லியமாக இருப்பது வரம்பை நெருங்கும்போதுதான். அங்கே போய் 20 டிகிரியைத் திருத்துவது மோசடி.

ஏஎம்டியில் வேறு வித்தை. ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் டிசிடிஎல் என்ற எண் உண்மைச் சூட்டைவிட 20 டிகிரி கூட்டியே காட்டும். விசிறிக் கட்டுப்பாட்டுக்காக ஏஎம்டியே வைத்த ஏற்பாடு. அதை மறைத்துவிட்டு, உண்மைச் சூட்டைச் சொல்லும் டிடை என்ற எண்ணைக் காட்டினால் "குறைந்துவிட்டது".

கொடுக்கும் முன்பே ஆதாரம் எடுத்து வையுங்கள். அறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு 15 நிமிடம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை) ஓட்டுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் டிஜேமேக்ஸுக்கான பாக்கி, பேக்கேஜ் பவர் வாட்ஸ் (பிராசசர் இழுக்கும் மின்சாரம்), கிளாக் வேகம் மூன்றும் தெரிய ஸ்க்ரீன்ஷாட். திரும்பி வந்ததும் அதே டெஸ்ட்; ஆனால் ஏற்கெனவே இருக்கும் மென்பொருளில் வேண்டாம், புதிதாக இறக்கிய போர்ட்டபிள் பதிப்பில். பேஸ்ட் உண்மையிலேயே மாறியிருந்தால் அதே வாட்ஸுக்குப் பாக்கி கூடியிருக்கும், அல்லது அதே பாக்கியில் வாட்ஸ் ஏறியிருக்கும். இரண்டும் அசையவில்லை என்றால் பில்லைத் திருப்பிக் கொடுக்கலாம்.

வாட்ஸை ஏன் பார்க்கச் சொல்கிறோம் என்றால், விண்டோஸ் பவர் பிளானில் பிராசசர் உச்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதம் ஆக்கினால் பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போ (அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் வசதி) நின்றுவிடும். சூடு நிஜமாகவே குறையும், கூடவே வேகமும். கிளாக் அடிப்படை வேகத்தைத் தாண்டாமலே நின்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். ஒன்று, 90-லேயே வேகம் குறைவதை வைத்து மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். சில தயாரிப்பாளர்கள் வரம்பை அப்படித் தாழ்த்தி வைத்தே விற்கிறார்கள்.

விசிறியை மென்பொருள் மூலம் ஓட்டுபவர்கள் ஆஃப்செட்டை இன்றே பூஜ்யமாக்குங்கள். -20 கிடந்தால், 80-ல் வேகமெடுக்க வேண்டிய விசிறி நிஜமான 100-ல்தான் எழுந்திருக்கும்.