எச்சரிக்கை: மூச்சு மெஷினைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று வீட்டுக்கு வந்தவரிடம் 11,800 ரூபாய் ஏமாந்தோம்

வீட்டில் பைபாப், சிபாப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் மெஷின்கள்), ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்), நெபுலைசர் (மருந்தைப் புகை மாதிரி மூச்சில் கொடுக்கும் மெஷின்) என்று ஏதாவது ஒன்றை வைத்துப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்தது. இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. எழுத உட்கார்ந்தாலே ஆத்திரமாக வருகிறது. இந்த மெஷின்களை எப்படிச் சுத்தம் செய்வது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. மதுரையில் ஒரு நூற்பாலையில் 34 வருடம் வேலை பார்த்தவர். பாதிக்கு மேல் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில், பஞ்சுத் தூசிக்கு நடுவில். பீடி சிகரெட் தொட்டதே இல்லை, ஆனால் நுரையீரல் கெட்டுவிட்டது. இரண்டு வருடமாக ராத்திரி பைபாப், காலையும் மாலையும் நெபுலைசர், தேவைப்பட்டால் ஆக்சிஜன் மெஷின். ஆடி மாதம் நெஞ்சில் சளி கட்டி, இன்ஃபெக்ஷன் ஆகி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸ், "மெஷின், மாஸ்க் எல்லாம் சுத்தமா வச்சிக்கங்க" என்று எல்லோரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னார். அம்மா மனதில் அது முள்ளாகத் தைத்துவிட்டது. நாம் சரியாகக் கழுவாததால்தான் இவருக்கு இப்படி ஆனதோ என்று தூங்காமல் கிடந்தார். அந்தப் பயத்தில்தான் நான் ஆள் தேடினேன்.

வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஆப் ஒன்று. ஏசி சர்வீஸ், குழாய் ரிப்பேர், எல்லாவற்றுக்கும் ஆள் வருவார்கள். அதில் 'மருத்துவக் கருவி சுத்தமும் கிருமி நீக்கமும்' என்று ஒன்று இருந்தது, 499 ரூபாய். நல்ல ரேட்டிங். ஆப்பிலேயே பணம் கட்டி புக் பண்ணினேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார். அந்த ஆப்பின் பெயர் போட்ட டீ-ஷர்ட், கழுத்தில் அடையாள அட்டை, கையுறை, செருப்புக்கு மேல் நீல உறை. அப்பா முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "ஐயா, மூச்சு எப்படி இருக்கு, ராத்திரி தூக்கம் வருதா" என்று கேட்டார். அம்மாவுக்கு அதிலேயே மனசு இளகிவிட்டது. மோர் கொண்டுவந்து கொடுத்து, "குடிச்சிட்டு மெதுவா பாரு தம்பி" என்றார்.

அப்புறம் அவர் செய்ததை நன்றாகக் கவனியுங்கள், எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. பைபாப்பின் பின்பக்கம், காற்று உள்ளே போகிற இடத்தில் வெள்ளைப் பஞ்சுக் குச்சி ஒன்றை விட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்தார். நுனி கரிக்கட்டை மாதிரி கறுப்பு. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அம்மாவிடம் காட்டினார். "அம்மா, ஐயா தினமும் எட்டு மணி நேரம் இதைத்தான் உள்ள இழுக்கிறாரு." அம்மா முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். என்னாலும் பேச முடியவில்லை. அந்த நொடியில் அவர் ஐம்பதாயிரம் கேட்டிருந்தாலும் கடன் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அவர் துடைத்தது ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் பகுதி. அறைத் தூசி வந்து படிகிற இடமே அதுதான். தூசி அங்கே தங்கி, ஃபில்டரைத் தாண்டாமல் இருப்பதற்குத்தான் ஃபில்டர். அங்கே கறுப்பாக இருந்தால் ஃபில்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்பா இழுக்கும் காற்று வருவது எதிர்ப்பக்கத்தில் ட்யூப் மாட்டும் வாயிலிருந்து. அங்கே அவர் பஞ்சை விடவே இல்லை.

பயம் காட்டிய கையோடு பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். ஓசோன் பெட்டி. மாஸ்க், ட்யூப் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடி ஸ்விட்சைத் தட்டினால் அரை மணி நேரத்தில் 99.9 சதவீதம் கிருமி செத்துவிடுமாம். "இனிமே தண்ணி, சோப்பு ஒண்ணுமே வேணாம்க்கா. அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு இதுதான்." பெட்டி 7,200. மெஷினில் இருக்கும் சாம்பல், வெள்ளை இரண்டு ஃபில்டரும் மாற்ற 800. வருடம் நான்கு முறை வந்து பார்க்க 2,000. ஆக மொத்தம் பத்தாயிரம், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 11,800. ஆப்பில் கட்டினால் கம்பெனி கமிஷன் சேரும் என்று சொல்லி, தன் போன் நம்பருக்கே ஜிபேயில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பில் வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. ஜிஎஸ்டி வாங்கிய பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை என்பதை அன்று நான் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு, அவர் சொன்னபடியே மாஸ்க்கும் ட்யூபும் பெட்டியில் அரை மணி நேரம். பத்து மணிக்கு எடுத்து அப்பாவுக்கு மாட்டினேன். இரண்டு மூச்சு இழுத்திருப்பார், மாஸ்க்கைப் பிடுங்கினார். "என்னம்மா இது, மில்லுல நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மோட்டார்ல தீப்பொறி பறந்தா அடிக்குமே, அந்த வாடை அடிக்குது." சுத்தம் செய்த வாசனைப்பா, கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று சொல்லி நானே திரும்ப மாட்டிவிட்டேன். என் கையால் மாட்டினேன். இதை எத்தனை தடவை நினைத்து அழுதிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பதினொன்றரைக்கு இருமல் ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். எப்போதும் 91, 92 இருக்கும் ரத்த ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டும் மீட்டர் 85 என்று காட்டியது. மாஸ்க்கைக் கழற்றி, நெபுலைசர் வைத்து, டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த அளவில் ஆக்சிஜன் போட்டோம். விடியும்வரை அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நாலு மணிக்குத்தான் 90 தொட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியின் அட்டைக்குள் மடித்திருந்த காகிதத்தை எடுத்துப் படித்தேன். பொடி எழுத்தில், ஓட்டம் முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் திறக்கக் கூடாது, அதற்கப்புறம் காற்றாட வைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தயாரித்தவர் பெயரோ முகவரியோ பெட்டியில் எங்கேயும் இல்லை.

சந்தேகம் வந்து மெஷினின் ஃபில்டர் மூடியைத் திறந்தேன். இதை அம்மாவால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அம்மா ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி வெள்ளை ஃபில்டரை மாற்றுவார், மறந்துவிடக் கூடாதென்று ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் மாதத்தை எழுதிவைப்பார். 800 ரூபாய் வாங்கிக்கொண்டு 'புதுசு' போட்டதாகச் சொன்ன ஃபில்டரை வெளியே எடுத்துத் திருப்பினால், 'ஆவணி 1' என்று அம்மாவின் கையெழுத்து. பழையதையே தட்டி, திருப்பி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே இதைச் செய்திருக்கிறார்.

திங்கட்கிழமை நெஞ்சக டாக்டரிடம் போனோம். ஓசோன் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஓசோன் மூச்சுக்குழாயை எரிக்கிற வாயு, நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கே ஆகாது, இவருக்குப் போய் வைத்தீர்களா என்றார். கிருமி சாகிற அளவுக்கு ஓசோன் வேண்டுமென்றால் அது மனிதர் சுவாசிக்கக் கூடிய அளவை எங்கேயோ தாண்டிவிடும். ட்யூபிலும் மாஸ்க்கிலும் மிச்சம் நிற்பது அடுத்த மூச்சில் நேராக உள்ளே போகும். மாஸ்க், ட்யூப் இரண்டையும் மாற்றச் சொன்னார், அது தனிச் செலவு.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு என்றாரே, அதையும் தேடிப் பார்த்தேன். மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அந்த ஊர் அரசு அமைப்பான எஃப்டிஏ 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. சிபாப் சுத்தம் செய்யும் ஓசோன், யுவி (புற ஊதா ஒளி) பெட்டிகள் அங்கே முறையான அனுமதி இல்லாமல் விற்கப்பட்டிருக்கின்றன. ஓசோன் பெட்டியால் இருமல், மூச்சுத் திணறல், தலைவலி, ஆஸ்துமா வந்ததாக அவர்களுக்குப் புகார்களும் போயிருக்கின்றன. 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் சிபாப், பைபாப் மெஷின்களைத் திரும்பப் பெற்றபோதும், உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு சிதைவதை ஓசோன் இன்னும் மோசமாக்கலாம் என்று அந்த நிறுவனமே சொல்லியிருந்தது. நம் வீட்டுக்குள் வந்து விற்றவர் இதையெல்லாம் சொல்வாரா?

இனி பணத்தைக் கேட்ட கதை. ஞாயிறு காலை அவருக்குப் போன் போட்டேன். எடுத்தார். "மொத ரெண்டு நாள் அப்படித்தான்க்கா இருக்கும், பழகிரும்." அப்பாவுக்கு மூச்சு 85-க்கு இறங்கியது பழகிவிடுமாம். ஃபில்டரைச் சொன்னேன். "மாறிப் போச்சு போலக்கா, அடுத்த விசிட்ல போட்டுர்றேன்." பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் லைன் கட். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. சாயந்திரம் வாட்ஸ்அப்பில் அவர் போட்டோ மறைந்துவிட்டது, பிளாக் பண்ணிவிட்டார்.

ஆப்பின் கஸ்டமர் கேரில் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஒரே கதைதான். முதல் நாள் பேசிய பெண் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று போட்டோக்கள் கேட்டார், அனுப்பினேன். 48 மணி நேரத்தில் பதில் வரும் என்றார். அடுத்து வந்தவர் முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார், மறுபடி அதே போட்டோக்கள். மூன்றாவது ஆள் தெளிவாகவே சொல்லிவிட்டார்: ஆப் வழியாக வந்தது 499 மட்டும்தான், 11,800 ரூபாய் நீங்கள் தனிப்பட்ட முறையில் கொடுத்தது, அவர் எங்கள் ஊழியர் இல்லை, பார்ட்னர். அப்படியென்றால் உங்கள் பெயர் போட்ட டீ-ஷர்ட்டை ஏன் மாட்டி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. வியாழக்கிழமை, அடுத்த சர்வீஸுக்கு 150 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பிவிட்டுப் புகாரை முடித்துவிட்டார்கள். 11,800 ரூபாய் அப்பாவின் ஒரு மாத மருந்துக் காசு. அதற்கு 150 ரூபாய்க் கூப்பன்.

அம்மா, "நான்தானே அவனை உக்கார வச்சி மோர் குடுத்தேன்" என்று சொல்லிச் சொல்லி மாய்கிறார். அப்பா அவரைச் சமாதானப்படுத்தப் பேச ஆரம்பித்தால் இருமல் வருகிறது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மணி பத்தாகப் போகிறது, அப்பாவுக்குப் புது மாஸ்க் மாட்ட வேண்டும். அவசரத்துக்குச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மாஸ்க்கைத் தினமும், ட்யூபை வாரம் ஒரு முறை, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லேசான சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, நன்றாக அலசி, வெயில் படாத இடத்தில் காயப்போட்டால் போதும். ஓசோன், ஸ்பிரிட், வாசனை ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கும் தண்ணீர் டப்பாவில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், மிச்சத்தைக் காலையில் கொட்டிவிடுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, வெள்ளையாகப் படியும். சாம்பல் நிறப் பஞ்சு ஃபில்டரைக் கழுவலாம், வெள்ளை ஃபில்டரைக் கழுவவோ தட்டி மாட்டவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும். நெபுலைசர் கப்பை ஒவ்வொரு தடவையும் அலசிக் காயவையுங்கள். அதைக் கொதிக்க வைக்கலாமா என்று கூட வந்த கையேட்டில் பாருங்கள், அதன் காற்று ட்யூபுக்குள் தண்ணீர் விடாதீர்கள்.

யார் வந்தாலும் புது ஃபில்டரின் கவரை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், பழையதை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தனி நம்பருக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் இன்று மதியம் புகார் கொடுத்துவிட்டேன். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, அடுத்து அங்கேதான் போகப் போகிறேன். பில் படம், ஜிபே ரசீது, மூன்று நாள் சாட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தாயிற்று. அந்த ஃபில்டரை அம்மா குப்பையில் போடப் போனார். கையிலிருந்து வாங்கி, 'ஆவணி 1' தெரிகிற மாதிரி ஒரு ஜிப் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.