எஸ்.எம்.யூ.வா, அலபாமாவா: 2024இன் கடைசி இடம்

2024 டிசம்பர் 7, சனிக்கிழமை இரவு. டாலஸ் பக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து பேர் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அதில் ஒருவர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், அலபாமா பல்கலைக்கழகம் இருக்கிற டஸ்கலூசாவில் எம்.எஸ். படித்தவர். இருபது வருடமாக அலபாமா பைத்தியம். ஆனால் அன்று இரவு அவர் போட்டிருந்த கூச்சல் முழுக்க டாலஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகமான எஸ்.எம்.யூ.வுக்கு!

காரணம் இதுதான். ஏ.சி.சி. என்ற கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) இறுதியில் கிளெம்சனை எஸ்.எம்.யூ. ஜெயித்துவிட்டால், கிளெம்சன் வெளியே போய்விடும், தேசிய சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃபில் அலபாமாவுக்கு ஒரு நாற்காலி காலியாகும். கிளெம்சன் ஜெயித்தால், சாம்பியன் என்ற உரிமையில் அது உள்ளே வந்து உட்காரும். மிச்சமிருக்கும் ஒரே நாற்காலிக்கு எஸ்.எம்.யூ.வும் அலபாமாவும் முட்டிக்கொள்ள வேண்டும்.

பாதி ஆட்டத்தில் 24-7 என்று பின்தங்கியிருந்த எஸ்.எம்.யூ., விட்ட புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, 16 விநாடி மிச்சமிருக்கும்போது 31-31 என்று சமன் செய்தது. அண்ணா சோபாவில் ஏறி நின்றுவிட்டார். அந்த 16 விநாடியில் கிளெம்சன் செய்தது மூன்றே காரியம்: உதைத்து அனுப்பிய பந்தை எடுத்துக்கொண்டு நாற்பது யார்டு சொச்சம் ஓடியது, நடுவில் ஒரு சின்ன பாஸ், கடைசியில் நோலன் ஹௌசர் என்ற முதலாண்டுப் பையன் 56 யார்டிலிருந்து ஒரு உதை. பந்து கம்பங்களுக்கு நடுவில் போய் விழுந்தது. 34-31.

சோபாவிலிருந்து இறங்கிய அண்ணா சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, எஸ்.எம்.யூ. அவ்வளவு பெரிய டீம் ஒண்ணும் இல்லப்பா."

மளிகைக் கடை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரவர் தேர்வை எழுதினோம். தோற்றவர்கள் பிரியாணி வாங்க வேண்டும். நான் எஸ்.எம்.யூ. என்று எழுதினேன். உள்ளூர் அணி என்பதால் எழுதியதாக அண்ணா இன்றுவரை சொல்கிறார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் தாண்டிவிடுவோம். 2024இல்தான் பிளேஆஃப் நான்கு அணியிலிருந்து பன்னிரண்டு அணியாக விரிந்தது. அணிகளைத் தேர்வு செய்யும் கமிட்டியின் தரவரிசையில் முன்னால் இருக்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி இடம், மிச்சம் ஏழு கமிட்டியின் கையில். அந்த ஏழில் ஆறு பற்றிப் பெரிய சந்தேகம் யாருக்கும் இல்லை. மயாமியும் 10-2 (பத்து வெற்றி, இரண்டு தோல்வி) என்று வரிசையில் நின்றது. ஆனால் கடைசி வாரத்தில் சிரக்யூஸிடம் 21-0 என்று முன்னிலையில் இருந்து 42-38 என்று தோற்ற அணிக்காக வாதாட எங்கள் ஹாலில் ஆள் இல்லை.

ஜெயித்த ஆட்டங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அலபாமா எங்கேயோ இருக்கிறது. ஜார்ஜியாவை 41-34 என்று வீழ்த்தியது. அந்த ஜார்ஜியா கமிட்டியின் கடைசிப் பட்டியலில் 2ஆம் இடம். சவுத் கரோலினா 15ஆம் இடம், அதை 27-25. மிசௌரி 19, அதை 34-0. எஸ்.எம்.யூ. ஜெயித்த பதினொரு அணிகளில் ஒன்றுகூட அந்தப் பட்டியலின் 25 அணிகளில் இல்லை. லூயிவில், பிட்ஸ்பர்க் இரண்டும் எஸ்.எம்.யூ.வோடு ஆடியபோது தரவரிசையில் இருந்தன, அப்புறம் வழுக்கிவிட்டன. ஏ.சி.சி.யின் பெரிய தலைகளான கிளெம்சனும் மயாமியும் வழக்கமான சீசனில் எஸ்.எம்.யூ.வுக்கு எதிராக வரவே இல்லை. அட்டவணை கடினம் என்று பார்த்தால் ஒப்பீடே கிடையாது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அட்டவணை கடினம் என்கிற வாதம் எதற்காக இருக்கிறது? தோல்விக்குச் சமாதானம் சொல்ல. "கஷ்டமான பேப்பர் எழுதினான், மார்க் குறைந்தது" என்பது போல. அப்படியானால், மார்க் குறைந்தது கஷ்டமான கேள்வியிலா, இல்லை ஒரு மார்க் கேள்வியிலா என்று பார்க்க வேண்டுமல்லவா?

அலபாமாவுக்கு மூன்று தோல்வி. டென்னசியிடம் 24-17, அது பிளேஆஃபுக்குப் போன அணி, போகட்டும். மற்ற இரண்டும் வேண்டர்பில்ட், ஓக்லஹோமா. இரண்டுமே அந்த சீசனை 6-6 என்று முடித்த அணிகள். ஜார்ஜியாவை ஜெயித்து நம்பர் 1 ஆன கையோடு, அடுத்த சனிக்கிழமையே வேண்டர்பில்ட்டிடம் 40-35. வேண்டர்பில்ட் அதற்கு முன் அலபாமாவை ஜெயித்தது 1984இல். மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு நாஷ்வில் தெருக்களில் ஊர்வலமாகப் போய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். நவம்பர் 23இல் ஓக்லஹோமாவிடம் 24-3: ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) இல்லை, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ மூன்று பந்தை எதிரணி கையில் கொடுத்தார். கடினமான கேள்விகளில் நல்ல மார்க், சுலபமான கேள்விகளில் கோட்டை. அட்டவணையின் கடினம் இந்த இரண்டு தோல்விக்கும் பதிலே சொல்லவில்லை.

இந்தப் பக்கம் எஸ்.எம்.யூ. செப்டம்பர் 6இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகமான பி.ஒய்.யூ.விடம் 18-15. டிசம்பர் 7இல் கிளெம்சனிடம் 34-31. கமிட்டி பட்டியலில் பி.ஒய்.யூ. 17, கிளெம்சன் 16. இரண்டு தோல்வியும் சேர்த்து மொத்தம் ஆறு புள்ளி. அலபாமாவின் மூன்று தோல்வியையும் கூட்டினால் முப்பத்து மூன்று.

ஆறுக்கும் முப்பத்து மூன்றுக்கும் நடுவில்தான் என் முடிவு இருக்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருகிற பேச்சு.

அண்ணாவின் பதில் சும்மா தள்ளிவிடக்கூடியது இல்லை. அலபாமா, வேண்டர்பில்ட், ஓக்லஹோமா மூன்றும் ஆடுவது எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸில். "எஸ்.இ.சி.யில் ஒருத்தனை ஒருத்தன் அடிச்சிக்கிறான், அதனாலதான் அவனுங்க 6-6. அதே வேண்டர்பில்ட்டை ஏ.சி.சி.யில் விடு, ஒன்பது ஜெயிப்பான்" என்றார். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. வேண்டர்பில்ட் டெக்சஸோடு 27-24 வரை மல்லுக்கட்டிய அணி. ஆனால் அதே வேண்டர்பில்ட்தான் செப்டம்பரில் ஜார்ஜியா ஸ்டேட்டிடம் 36-32 என்று தோற்றது. ஜார்ஜியா ஸ்டேட் எஸ்.இ.சி.யும் இல்லை, பெரிய கான்ஃபரன்ஸும் இல்லை. அந்த வருடம் அது மொத்தம் ஜெயித்ததே மூன்று ஆட்டம். அதற்கு மேல் அண்ணா வேண்டர்பில்ட் பேச்சை எடுக்கவில்லை, காப்பி கேட்டார்.

எஸ்.எம்.யூ. எல்லா வாரமும் அழகாக ஆடியது என்றும் சொல்ல மாட்டேன். டியூக்கோடு ஆறு முறை பந்தைப் பறிகொடுத்தும், கடைசி நொடியில் அவர்களுடைய ஃபீல்ட் கோல் உதையைக் கையால் தடுத்து, கூடுதல் நேரத்தில் 28-27 என்று தப்பித்த இரவு ஒன்று உண்டு. முதல் ஆட்டத்தில் நெவாடாவிடமே 29-24 என்று மூச்சு வாங்கியது. குவார்ட்டர்பேக் கெவின் ஜென்னிங்ஸ் இடையில்தான் முதன்மை ஆட்டக்காரர் ஆனார். அவர் வந்த பிறகு அணியின் நடையே மாறியது. ஏ.சி.சி.யில் முதல் வருடமே எட்டுக்கு எட்டு. அந்தக் கான்ஃபரன்ஸில் சேருவதற்காக ஒன்பது வருட டிவி பணத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கல்லூரி இது. 1987இல் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காக முழு சீசனும் தடை செய்யப்பட்டு, எழுந்திருக்கப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்ட கல்லூரியும் இதுவே. இதெல்லாம் தேர்வுக்கு வாதம் ஆகாது, தெரியும். ஆனால் மனசு சாய்வதற்குக் காரணம் ஆகும்.

ஒரு விஷயத்தில் நான் அடக்கித்தான் பேச வேண்டும். எஸ்.எம்.யூ.வின் ஃபோர்டு ஸ்டேடியத்தில் நேரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும், பாதி நேரம் மரத்தடியில் பிக்னிக் வந்த மாதிரி இருக்கும். லட்சம் பேர் கத்துகிற டஸ்கலூசா மைதானத்தை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். வாராவாரம் அந்த மாதிரி இடங்களில் போய் ஆடுவது உடம்பிலிருந்து எவ்வளவு உறிஞ்சும் என்று அண்ணா சொல்லும்போது, என்னிடம் அனுபவத்தில் இருந்து பதில் இல்லை. கணக்கில் இருந்து மட்டும்தான்.

அப்புறம் இறுதி ஆட்டம் ஆடியதற்கான தண்டனை. சனிக்கிழமைக்கு முன் எஸ்.எம்.யூ. 8ஆம் இடம், அலபாமா 11. அன்று அலபாமா வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தது. எஸ்.எம்.யூ. பதின்மூன்றாவது ஆட்டம் ஆடி, 56 யார்டு உதையில் தோற்றது. அதற்காக அலபாமாவுக்குக் கீழே தள்ளினால், அடுத்த வருடத்திலிருந்து எந்தக் கோச்சாவது இறுதி ஆட்டத்துக்கு ஆசையாகப் போவாரா?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அறிவிப்பு. கமிட்டியின் பதின்மூன்று பேரும் கூடுவது எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய கிரேப்வைன் ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில். பட்டியலில் எஸ்.எம்.யூ. 10ஆம் இடத்துக்கு இறங்கியது, அலபாமா 11இலேயே நின்றது. எஸ்.எம்.யூ. பிளேஆஃபின் பதினொன்றாவது அணியாக உள்ளே, 16ஆம் இடத்து கிளெம்சன் பன்னிரண்டாவது, அலபாமா வெளியே. கமிட்டித் தலைவர் வார்ட் மானுவல் சொன்ன விளக்கமும் கிட்டத்தட்ட எங்கள் காலண்டர் தாள் கணக்குதான்: எஸ்.எம்.யூ. தோற்றது தரவரிசையில் இருக்கும் அணிகளிடம், அலபாமா தோற்றதில் இரண்டு தரவரிசையில் இல்லாதவர்களிடம். பிரியாணி வந்தது.

இரண்டு வாரம்தான் ருசி நின்றது. டிசம்பர் 21இல் பென் ஸ்டேட்டிடம் எஸ்.எம்.யூ. 38-10 என்று உதை வாங்கியது. ஜென்னிங்ஸ் எறிந்ததில் மூன்று எதிரணி கைக்குப் போய், அதில் இரண்டை அவர்கள் நேராக டச்டவுனாகவே மாற்றிவிட்டார்கள். அண்ணாவின் ஃபோன் இரண்டாம் கால் பகுதியிலேயே வந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் அந்த வாரம் வெளியூர் போய் ஆடிய நான்கு அணியும் தோற்றன, எஸ்.இ.சி.யின் டென்னசியே ஒஹையோ ஸ்டேட்டிடம் 42-17. அலபாமாவும் ஆண்டின் கடைசி நாளில், தாம்பாவில், 7-5 என்று வந்த மிச்சிகனிடம் 19-13 என்று தோற்றது. ஆனால் இதையெல்லாம் தேர்வு சரியா தவறா என்பதற்குச் சாட்சியாக இழுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. டிசம்பர் 8 காலையில் கையில் இருந்ததை வைத்துத்தான் டிசம்பர் 8 முடிவை எடை போட வேண்டும்.

அலபாமாவின் விளையாட்டுத் துறைத் தலைவர் கிரெக் பர்ன், இனி கான்ஃபரன்ஸுக்கு வெளியே பெரிய அணிகளோடு எத்தனை ஆட்டம் வைப்பது என்று யோசிக்க வேண்டும் என்று எழுதினார். கடின அட்டவணைக்குப் பரிசு இல்லை என்ற கோபம். அந்த வருடம் அலபாமா கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடிய ஒரே பெரிய அணி விஸ்கான்சின். அதை அவர்கள் ஊரிலேயே 42-10 என்று ஜெயித்தது. அந்த ஆட்டம் அலபாமாவுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

ஒரு வருடம் போனது. 2025இல் அலபாமா 10-2 என்று எஸ்.இ.சி. இறுதிக்குப் போய் ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்றது. கமிட்டி அதை ஒரு இடம்கூட இறக்கவில்லை. 10-3 என்று உள்ளே விட்டது. டெக்சஸ் ஏ அண்ட் எம், மயாமி இரண்டிடமும் சேர்த்து நான்கே புள்ளியில் தோற்றிருந்த நோட்ர டாம் வெளியே. அலபாமாவின் மூன்று தோல்வியில் ஒன்று முதல் வாரத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம், 31-17. அந்த ஃப்ளோரிடா ஸ்டேட் முடித்தது 5-7. யாரிடம் தோற்றாய், எவ்வளவில் தோற்றாய் என்ற என் கணக்குப்படி நோட்ர டாம்தான் போயிருக்க வேண்டும்.

அன்று மதியம் அண்ணா கூப்பிட்டார். "இறுதி ஆட்டம் ஆடித் தோத்தவனைத் தண்டிக்கக் கூடாதுன்னு போன வருஷம் சொன்னது யாரு தம்பி?"

நான்தான் சொன்னேன். காலண்டர் தாளையும் அவர் பத்திரமாக வைத்திருக்கிறாராம். இந்த முறை பிரியாணி என் செலவு.