4,500 போச்சு: மொபைல் நெட்ல ‘வீட்டு கம்ப்யூட்டரை எங்கிருந்தும் திறந்து தர்றோம்’னு வர்றவங்ககிட்ட உஷார்

ஆத்திரம் அடங்குறதுக்குள்ள எழுதிடறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

வீட்ல சிம் போட்ட 4ஜி ரௌட்டர். வெளிய இருக்கும்போது வீட்டு கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்கணும், அவ்வளவுதான் தேவை. டெக்னீஷியன்களைப் பிடிச்சுத் தர்ற ஒரு ஆன்லைன் தளம், பேர் வேண்டாம். அதுல ரேட்டிங் குவிச்சு வச்சிருந்த ஒருத்தர், “எந்த சிம்மா இருந்தாலும் கவலையே இல்ல சார், நான் பார்த்துக்கறேன்”னாரு. 4,500. மொத்தமும் முன்கூட்டியே.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்றேன், அதுதான் முக்கியம். ரௌட்டருக்குள்ள போய் 3389 போர்ட்டை (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு வர்ற வாசல்) ஃபார்வர்டு பண்ணினார், அதாவது அந்த வாசலுக்கு வர்றதை வீட்டு கம்ப்யூட்டருக்குத் திருப்பி விட்டார். டிடிஎன்எஸ்ல, அதாவது இணைய முகவரி (ஐபி) மாறினாலும் ஒரே பேரால வீட்டைக் கண்டுபிடிக்க உதவற சேவைல, ஒரு பேர் பதிஞ்சார். அப்புறம் என் லேப்டாப்புக்கும் ரிமோட்ல வந்து “சின்ன டியூனிங்”னு என்னமோ செஞ்சார். “இப்ப அந்தப் பேரை அடிங்க சார்.” அடிச்சேன். வீட்டு கம்ப்யூட்டர் திரை அப்படியே லேப்டாப்ல வந்து நின்னுச்சு. அந்தச் சூட்டோட அஞ்சு நட்சத்திரமும் கேட்டு வாங்கிக்கிட்டார்.

வெளிய போனதும் இணைப்பே வரல. கேட்டா, ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அப்புறம், சிக்னல் வீக். அதே சிக்னல்ல வீட்ல வீடியோ கால் ஜம்முனு ஓடுது! அப்புறம், ஃபயர்வாலை அணைச்சிடுங்க. கடைசியா, “பிரீமியம் பேக்கேஜ் எடுங்க சார், சரியாயிடும்.” 4,500 வாங்கின வாய் இது. தளத்தோட உதவிப் பிரிவோ, “வேலை முடிந்ததாக நீங்களே உறுதி செய்துள்ளீர்கள்”னு ஒரு வரி போட்டு புகாரை மூடிட்டாங்க.

நெட்வொர்க் தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் ரௌட்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பார்த்த உடனே சிரிச்சுட்டார். ஐபி 100.72-ல ஆரம்பிக்குது. 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் உள்ளதெல்லாம், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால வைக்கறதுக்காக 2012-ல ஒதுக்கின முகவரிகள். இந்த ஏற்பாட்டுக்கு சிஜிநாட்னு (CGNAT) பேர். வெளியிலிருந்து வர்ற இணைப்பு சிம் நிறுவனத்துக்கிட்டயே நின்னுடும், நம்ம ரௌட்டர் வரைக்கும் வராது. தெருக்கதவு பூட்டிக் கிடக்க, உள்ளறைக் கதவைத் திறந்து வச்ச கதை.

அப்ப அன்னைக்குத் திரை எப்படி வந்துச்சு? லேப்டாப்போட ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (எந்தப் பேருக்கு எந்த ஐபின்னு லேப்டாப் முதல்ல பார்க்கற பட்டியல்) அந்தப் பேருக்கு நேரா 192.168.8.100-னு, வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகற வீட்டு கம்ப்யூட்டர் முகவரியை எழுதி வச்சிருக்கார். வீட்டு வைஃபைக்குள்ளயே ஒரு சுத்து சுத்தி வந்திருக்கு! தெரியாம நடந்ததுன்னு இதைச் சொல்லவே முடியாது. 4,500-க்கு நாடகம்.

எப்படிச் செய்யணும்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப மனசில்ல. அவசரமா சிலது. ரௌட்டர் காட்டுற ஐபியும் ‘என் ஐபி என்ன’ன்னு வெளித்தளத்துல பார்த்தா வர்ற ஐபியும் வேற வேறன்னா, போர்ட் ஃபார்வர்டிங்னு பேசற யாருக்கும் காசு கொடுக்காதீங்க. சோதிக்கும்போது லேப்டாப்பை வீட்டு வைஃபைல இருந்து கழட்டி, போன் டேட்டால போட்டுச் சோதிங்க. பொது ஐபி கிடைச்சாலும் 3389-ஐ ஊருக்கே திறந்து வைக்காதீங்க, பாஸ்வேர்டை ஊகிக்கிற தானியங்கி புரோகிராம்கள் (bots) அதைத்தான் தேடித் திரியுது. டெய்ல்ஸ்கேல் மாதிரி உள்ளிருந்து வெளிய இணைப்பு போடற ஆப் சிஜிநாட்லயும் ஓடும், சொந்த உபயோகத்துக்கு இலவசம். இலவசம்! நான் கொடுத்தது 4,500.

இன்னொண்ணு: இந்த மாதிரி ஆள் யாராவது உங்க கம்ப்யூட்டர்ல போட்டுட்டுப் போன ரிமோட் சாஃப்ட்வேரை நீக்குங்க, அணைச்ச ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்க, ரௌட்டர் பாஸ்வேர்டை மாத்துங்க. நானும் அதைத்தான் இப்ப பண்ணப் போறேன்.