லேயா, காஸாவா?

இமயமலையில் மழை எட்டாத பக்கத்தில், புல்பூண்டு அரிதான மண்மலைகளுக்கு நடுவே இரண்டு ஊர்கள். சிந்து நதிப் பள்ளத்தாக்கில் லடாக்கின் லே. ஸ்பிதி ஆற்றங்கரையில் இமாசலப் பிரதேசத்தின் காஸா. லே சுமார் 3,500 மீட்டர் உயரம். காஸா அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இரண்டு இடத்திலும் திபெத்திய பௌத்த மடாலயங்கள், வரிசையாய் பாப்லர் மரங்கள், பொழுது சாய்ந்ததும் எலும்பைத் துளைக்கும் காற்று. படங்களைப் பார்த்து எது அழகு என்று முடிவு கட்டவே முடியாது. முதலில் கேட்க வேண்டியது, எப்படிப் போகப்போகிறீர்கள், கையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதைத்தான்.

லேக்கு விமானம் உண்டு. டெல்லியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். சௌகரியமும் அதுதான், வில்லங்கமும் அதுதான். காலையில் டெல்லியில் கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரத்தில் இருந்த உடம்பு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே 3,500 மீட்டரில் நிற்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு என்று அது தன் எதிர்ப்பைக் காட்டும். முதல் 48 மணி நேரம் ஊரை விட்டு நகராமல் ஓய்வெடுக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. மறுநாளே, லேயைவிட மிக உயரமான கர்துங் லா கணவாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லும் ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள்.

காஸாவில் விமான நிலையம் கிடையாது, ரயிலும் கிடையாது. ஷிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டம் வழியாகச் சுமார் 420 கிலோமீட்டர் சாலைப் பயணம். ஒரே மூச்சில் போகக் கூடாது, போகவும் முடியாது. ஷிம்லா 2,200 மீட்டர், கல்பா 2,960, தாபோ 3,280, அப்புறம்தான் காஸா. இப்படி ராத்தங்கி ராத்தங்கிப் போனால் உடம்பு தானாகவே பழகிவிடுகிறது. லேயில் அறைக்குள் படுத்துக் கழிக்கும் இரண்டு நாளை இங்கே சட்லெஜ் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே கழிக்கிறோம். மணாலி வழி கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் இந்த நன்மை இல்லை. 2,000 மீட்டரில் தூங்கி எழுந்து, அன்றே 4,500 மீட்டருக்கு மேலிருக்கும் குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும். வழியில் கிராம்பூ என்ற இடத்துக்கு அப்புறம் சாலை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். கல்லும் ஓடைத் தண்ணீரும் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். அந்த வழியைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம்.

உடம்புக்கு முடியாமல் போனால்? லேயில் பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. காஸாவில் இருப்பது சிறிய அரசு மருத்துவமனை. நிலைமை மோசமானால் பல மணி நேரச் சாலைப் பயணம். கின்னௌர் பக்கம் இறங்க குன்சும் போலப் பெரிய கணவாய் எதுவும் குறுக்கே இல்லை என்பது மட்டும் ஆறுதல். வயதானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் கூட்டிப்போகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும். இதயம், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டுக்குமே கிளம்ப வேண்டாம்.

ஊர் என்று பார்த்தால் லேக்கு முன் காஸா நிற்க முடியாது. மத்திய ஆசிய வணிகர்கள் வந்துபோன பழைய சந்தை நகரம் லே. 17ஆம் நூற்றாண்டின் ஒன்பது அடுக்கு அரண்மனை, அதன் அடியில் மண்வீட்டுச் சந்துகள், மசூதி, லடாக்கின் காம்பீர் ரொட்டி சுடும் அடுப்புகள், பாதாமிப் பழமும் (ஆப்ரிகாட்) காய்ந்த காய்கறியும் விற்கும் பெண்கள் என்று மூன்று நாள் சும்மாவே சுற்றலாம். காஸா ஒரு கடைத்தெரு, ஒரு பெட்ரோல் பங்க், கொஞ்சம் தங்கும் விடுதிகள். அரை மணியில் முடிந்துவிடும். அதன் பெருமை சுற்றியுள்ள கிராமங்களில் இருக்கிறது. குன்றின் மேல் அடுக்கடுக்காய் ஏறும் கீ மடாலயம், கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கும் லாங்ஸா, அவ்வளவு உயரத்தில் உள்ள அஞ்சலகத்திலிருந்து தபால் அட்டை அனுப்பவே ஆட்கள் போகும் ஹிக்கிம்.

'உலகிலேயே உயரமான' என்று தொடங்கும் பலகைகளை இரண்டு ஊர்க்காரர்களும் பஞ்சமில்லாமல் நட்டிருக்கிறார்கள். கர்துங் லாவில் வெகுகாலம் 18,380 அடி என்று எழுதியிருந்தது. அளந்து பார்த்தால் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குக் கீழே. பலகையோடு படம் எடுங்கள், ஆனால் அதற்காகப் பயணத்தை வளைக்காதீர்கள்.

பழைய ஓவியங்களில் விருப்பம் இருந்தால் என் ஓட்டு தாபோவுக்கு. 996ல் கட்டப்பட்ட மண் மடாலயம்; வெளியே பார்த்தால் சாணி மெழுகிய களஞ்சியம் போலத் தோன்றும். உள்ளே இருட்டுக்குக் கண் பழகியதும் சுவரோடு அமர்ந்திருக்கும் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாய்த் துலங்கும். படமெடுக்க அனுமதியில்லை என்பதே அங்கே அமைதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. லேக்கு மேற்கே உள்ள ஆல்ச்சி மடாலயத்தின் சுவரோவியங்கள் நுணுக்கத்தில் எதற்கும் குறைந்தவை அல்ல, ஆனால் கோடையில் அங்கே கூட்டம் அதிகம். ஏரிகளிலும் இதே கதை: லடாக்கின் பாங்காங் பிரம்மாண்டம், கரையெங்கும் கடைகளும் கூடாரங்களும்; ஸ்பிதி பக்கத்துச் சந்திரதால் சின்னது, வண்டியை விட்டிறங்கி நடந்துதான் போக வேண்டும்.

செலவில் காஸா மலிவு. கின்னௌரில் உள்ள ரெக்காங் பியோவிலிருந்து அரசுப் பேருந்தே போகிறது. கிராம ஹோம்ஸ்டேயில் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்போ சோறு பருப்போ வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். லேயில் வெளியூர் வாடகை வண்டிகளைச் சுற்றுலாத் தலங்களுக்கு விடமாட்டார்கள். உள்ளூர் டாக்ஸி யூனியன் வைத்ததுதான் கட்டணம். ஆளுக்குப் பங்கிட நாலு பேர் இல்லையென்றால் பை கரையும். நூப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் போக இணையத்தில் பதிந்து கட்டணமும் கட்ட வேண்டும்.

ஆறேழு நாள்தான் விடுப்பு என்றால் லே. பத்து நாளாவது இருந்தால் தயங்காமல் காஸா: கின்னௌர் வழியே ஏறி, குன்சும் வழியே மணாலிக்கு இறங்குங்கள். குன்சும் ஜூன் வாக்கில்தான் திறக்கும், அக்டோபர் கடைசிக்கு மேல் நிச்சயமில்லை. மழைக்காலத்தில் கின்னௌர் சாலையில் மண்சரிவு சகஜம் என்பதால் செப்டம்பர் நல்ல மாதம். ஊர் திரும்பும் விமான டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு நாளைக் காலியாக விட்டுவிடுங்கள்.