முனைவர் பட்ட ஆய்வுக்கு அரபிடாப்சிஸா, நெல்லா?

தாவர மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்ததும், எந்தச் செடியை வைத்து வேலை செய்வது என்ற கேள்வி வந்து நிற்கும். கடுகுக் குடும்பத்துச் சின்னக் களைச்செடியான, ஆய்வகங்களில் மாதிரிச் செடியாகப் பயன்படும் அரபிடாப்சிஸை நான் எடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மரபணுத்தொகையை, அதாவது செடியின் முழு டிஎன்ஏ வரிசையை, பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அரபிடாப்சிஸுடையது 2000-இல் வெளியானது, நெல்லுடையது 2005-இல். இரண்டுக்கும் நல்ல தரவுத்தளங்கள் இருக்கின்றன. உணவுப் பயிர் என்பதால் நெல்லுக்கு நிதி கேட்பது சுலபம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முடிவைத் தீர்மானித்தது காலம்தான். ஒரு மரபணுவின் வேலையை நிரூபிக்க, அது கெட்டுப்போன செடி ஒன்று வேண்டும். அந்த மரபணுவையே திருப்பிக் கொடுத்தால் குறை சரியாகிறது என்று காட்ட இன்னொன்று வேண்டும். அரபிடாப்சிஸில் முதலாவது பெரும்பாலும் விதை வங்கியிலேயே கிடைத்துவிடும். இரண்டாவதற்குத் திசு வளர்ப்பே தேவையில்லை. பூக்கும் செடியைத் தலைகீழாகப் பிடித்து, அக்ரோபாக்டீரியமும் (செடிக்குள் மரபணுவைச் செருகும் பாக்டீரியா) 5 சதவீதச் சர்க்கரையும் துளி சில்வெட்டும் (கரைசல் செடியில் நன்றாகப் பரவ உதவும் திரவம்) கலந்த கரைசலில் சில நொடிகள் முக்கி எடுத்தால் போதும். 1998-இல் கிளஃபும் பென்ட்டும் எளிமையாக்கித் தந்த முறை இது. அப்புறம் விதைகளைக் கனாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தட்டில் தூவிப் பார்க்க வேண்டியதுதான்; மரபணு செருகப்பட்ட நாற்றுகள்தான் அதில் பச்சையாக வளரும். இரண்டாம் தலைமுறைத் தட்டில் வேர் ஓடிய பச்சை நாற்று மூன்றுக்கு, வெளுத்து விதையிலையோடு நின்றுபோனது ஒன்று என்று இருந்தால், செருகல் ஒரே இடத்தில்தான் என்று நம்பலாம். மூன்றாம் தலைமுறையில் தட்டு முழுக்கப் பச்சையாக இருந்தால், அதுதான் நமக்கு வேண்டிய ஒத்தகருமுட்டை (homozygous) வரிசை, அதாவது இரண்டு பிரதிகளிலும் செருகல் உள்ள வரிசை. ஒரு தலைமுறைக்கு 6 முதல் 8 வாரம்தான்.

நெல்லில் கேலஸ் (இன்னும் வேராகவோ இலையாகவோ பிரியாத செல் திரள்) உண்டாக்கி, பாக்டீரியாவோடு சேர்த்து வளர்த்து, ஹைக்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கில் தேர்ந்தெடுத்து, நாற்றாக்கித் தொட்டிக்கு மாற்றவே மாதங்கள் போய்விடும். நடுவில் பூஞ்சை பிடித்தால் மறுபடி முதலிலிருந்து. கேலஸ் வழியாக வரும் செடிகளில் தானாகவே சில மரபு மாற்றங்கள் ஏற்படும் என்பதால், தெரியும் குணம் நம் மரபணுவால் வந்ததா என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும். இதெல்லாம் பக்கத்து மேசையில் நான் பார்த்தது. கை பழகியவர்களுக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்காது.

மரபணுவை நேரடியாகத் திருத்தும் கிரிஸ்பர் முறை வந்தபின் இந்த இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நெல்லில் முதல் செடியிலேயே மரபணுவின் இரண்டு பிரதிகளும் திருத்தப்பட்டிருப்பது சகஜம். பூவை முக்கும் முறையில் அப்படி அமைவது அரிது.

வேர்ப்பூஞ்சைக் கூட்டுறவுதான் உங்கள் கேள்வி என்றால், பேச்சே இல்லை, நெல்தான். அரபிடாப்சிஸ், வேருக்குள் வாழ்ந்து செடிக்குச் சத்துக் கொடுக்கும் ஆர்பஸ்குலார் பூஞ்சைகளோடு அந்த உறவையே வைத்துக்கொள்வதில்லை. அப்படிப் போவதானால் கிட்டாகே ரகத்தைக் கேளுங்கள். ஏறக்குறைய 9 வாரத்தில் ஒரு சுற்று முடியும், மரபணு மாற்றத்துக்கும் நன்றாக இசைந்து வரும்.