மனை தயார் செய்து தரும் ‘மொத்தப் பேக்கேஜ்’: முள் வெட்ட நம்பலாம், மண் அடிக்க அளந்து வாங்குங்கள்

செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் வயலாகக் கிடந்து மனையான இடங்களுக்கு, முள் வெட்டி, மண் அடித்து, சமன் செய்து தருவதாகக் காண்டிராக்டர்கள் ஒரே தொகை பேசுகிறார்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 40க்கு 60 அடி மனையை வைத்து இந்தச் சேவையைப் பார்ப்போம். மனை ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளம். ரோட்டுக்கு மேல் அரை அடி நிற்க வேண்டும்.

முள் வெட்டும் வேலையைத் தாராளமாக இவர்களிடம் கொடுக்கலாம். ஜேசிபியைத் தனியாக எடுத்தால் மணி வாடகை, குறைந்தபட்ச மணிக்கணக்கு, டிரைவர் பேட்டா என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்; பேக்கேஜில் அந்தத் தலைவலி இல்லை. ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். சீமைக்கருவேலைத் தரையோடு வெட்டிவிட்டு மேலே மண்ணைத் தள்ளினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். கட்டையை வேரோடு தோண்டி எடுத்து, அந்தக் குழியைத் தனியாக மண் போட்டு இடித்து இறுக்க வேண்டும்.

பணம் கரைவது மண்ணில்தான். 2,400 சதுர அடிக்கு 2 அடி உயரம் என்றால் 4,800 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட். ஆக 48 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 16 லோடு என்று எழுதித் தருவார்கள். கணக்கு சரி மாதிரித்தான் தெரியும். ஆனால் மூன்று விஷயம் அதில் விட்டுப்போகிறது. முதலில், புல்லும் வேரும் கலந்த மேல்மண்ணை அரை அடி வழித்து எடுத்தாக வேண்டும். அது மக்கினால் மேலே போட்டது இறங்கும். வழித்த இடத்தை நிரப்ப 12 யூனிட் கூடுதல். ஆக 60. அடுத்து, லாரியில் வரும் மண் உதிரி மண். இறுக்கினால் அமுங்கும் என்பதால் நான்கில் ஒரு பங்கு கூட்டிப் போட வேண்டும்: 75 யூனிட். கடைசியாக, டிப்பரின் பாடியை டேப் வைத்து உள்ளளவு எடுங்கள். 12 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் இருந்தால் 252 கன அடிதான், இரண்டரை யூனிட். அப்போது தேவை 30 லோடு. பேசியது 16, வேண்டியது 30. பாதி வேலையில் “மண் தீர்ந்துபோச்சு சார், இன்னும் கொஞ்சம் ஆகும்” என்று வந்து நிற்பது இதனால்தான்.

ஆகவே லோடு கணக்கு வேண்டாம், மட்டக் கணக்கு பேசுங்கள். வேலை தொடங்கும் முன் தண்ணீர் டியூப் பிடித்து, ரோட்டு மட்டத்தைப் பக்கத்துச் சுவரில் பெயின்டால் குறித்துவிடுங்கள். இறுக்கி முடித்து அந்தக் குறிக்கு மேல் அரை அடி வந்த பிறகு மீதிப் பணம்.

இறுக்குவதில் இந்தச் சேவை மிக மோசம். இரண்டரை அடி மண்ணை ஒரேயடியாகக் கொட்டி, ஜேசிபியை மேலே நாலு தடவை ஓட்டிவிட்டு முடிந்தது என்பார்கள். டயர் போன தடம்தான் இறுகும், மற்றதெல்லாம் பொலபொலவென்றே கிடக்கும். அடுத்த மழைக்காலத்தில் தரை இறங்கும், டைல்ஸ் பள்ளம் விழும், காம்பவுண்டுச் சுவர் வெடிக்கும். 20 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் அடுக்கு அடுக்காகப் பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்ட வேண்டும். ஈரம் போதுமா என்று பார்க்கக் கையே போதும்: ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் அமுக்கினால் இரண்டாக உடைய வேண்டும். தண்ணீர் கசிந்தால் அதிகம். உருண்டையே பிடிக்காவிட்டால் குறைவு. ரோலர் வாடகையும் தண்ணீர் லாரியும் பேக்கேஜில் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள், பெரும்பாலும் இருக்காது.

மண்ணில் கிராவல் நல்லது. சவுடு பரவாயில்லை, களி கலக்காமல் இருந்தால். கரிசலும் களியும் வேண்டவே வேண்டாம். மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும். இடிபாடு கலந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் கனிமவளத் துறை நடைச்சீட்டு (மண் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டு) இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். இல்லாத வண்டி வழியில் பிடிபட்டால் உங்கள் வேலைதான் நிற்கும்.

இவர்கள் சொல்லாத ஒரு சிக்கனமும் உண்டு. அடித்த மண் எவ்வளவு இறுகினாலும் அஸ்திவாரம் பழைய தரைக்குள்தான் உட்கார வேண்டும். முழுவதும் அடித்துவிட்டுக் குழி எடுத்தால், 5க்கு 5 அடியில் 12 குழிக்கு, 2 அடி ஆழம் கூடுவதால் மட்டும் 6 யூனிட் மண்ணைக் காசு கொடுத்துப் போட்டு, காசு கொடுத்தே தோண்டுகிறீர்கள். லாரி உள்ளே வர ஒரு பாதைக்கு மட்டும் இப்போது அடியுங்கள். தூண் எழுந்து, பிளிந்த் பீம் (தரை மட்டத்தில் தூண்களை இணைக்கும் கான்கிரீட் உத்தரம்) போட்டபின் மீதியை நிரப்பலாம். குழியில் எடுத்த மண் களியாக இல்லாவிட்டால் அதுவும் அங்கேயே பயன்படும்.

மண் பரிசோதனையும் சர்வேயர் அளந்து கல் நடுவதும் பேக்கேஜில் வராது. இரண்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கி, முதல் லோடு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இரண்டரை அடி மண்ணுக்கு அடியில் போன எல்லைக் கல்லைத் தேட இன்னொரு நாள் ஜேசிபி வாடகை ஆகும்.