முன்னொட்டா, பின்னொட்டா: எதை முதலில் படிப்பது?

சொல்லின் முன்னால் ஒட்டுவது முன்னொட்டு, பின்னால் ஒட்டுவது பின்னொட்டு. ஆங்கிலச் சொல்வளத்துக்கு இரண்டும் வேண்டும். ஆனால் பின்னொட்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

முன்னொட்டு பெரும்பாலும் பொருளைத்தான் மாற்றும். 'ஹேப்பி'க்கு முன் 'அன்' வந்தால் மகிழ்ச்சி போய்விடும். சொல் பெயரடையாகவே நிற்கும். மனதில் சுலபமாகப் பதியும், சமயத்தில் காலையும் வாரும். 'இன்' என்றாலே எதிர்மறை என்று நம்பி, 'இன்ஃபிளேமபிள்' என எழுதிய டப்பாவை அடுப்பருகே வைத்தால் தொலைந்தோம். அது எளிதில் தீப்பற்றும் பொருள்! எதிர்மறை 'இன்'னும் வடிவம் மாறும்: 'லீகல்' முன் 'இல்' ஆகும், 'ரெகுலர்' முன் 'இர்' ஆகும்.

பின்னொட்டு பெரும்பாலும் சொல்லின் வகையை மாற்றும். 'டிசைட்' வினை, 'டிசிஷன்' பெயர், 'டிசைசிவ்' பெயரடை, 'டிசைசிவ்லி' வினையடை. வாக்கியத்தில் எது எங்கே உட்காரும் என்பதும் கூடவே பிடிபடும். எழுத்துக்கூட்டல் மாறுவதுதான் தொல்லை. விதிவிலக்கும் உண்டு: வினையடை போல 'லி'யில் முடிந்தாலும் 'ஃப்ரெண்ட்லி' பெயரடைதான்.